கோவில் அலுவலகமும் தமிழ்ப் பள்ளியும்: கணினி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கங்களில் கோவில் கமிட்டிக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ சங்கத்துக்கோ கணக்கும் கடிதமும் பார்த்துக்கொள்பவர்களுக்காக இந்தப் பக்கம். இவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காதவர்கள். பகல் வேலை முடித்து வந்து, ராத்திரியில் கணினி முன் உட்காருகிறவர்கள். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் இந்தியாவையோ அமெரிக்காவையோ மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்குள்ள கணினிகள் தென்னாப்பிரிக்கா என்ற அமைப்பில் ஓடுவதால், அந்தக் குறிப்புகளில் பாதி அப்படியே பொருந்துவதில்லை.

பதில்கள் எல்லாவற்றிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: உங்கள் கோப்பு உங்கள் கணினியில் திறந்தால் மட்டும் போதாது. அடுத்த வருடம் வரப்போகும் செயலாளருக்கும் பொருளாளருக்கும் அது திறக்க வேண்டும், புரிய வேண்டும். மெனுக்களின் பெயர்களை, திரையில் ஆங்கிலத்தில் வருகிறபடியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

நன்கொடைத் தொகைகளை எக்செல்லில் வரிசையாகப் போட்டுக் கூட்டினால் கூட்டுத்தொகை குறைவாக வருகிறது. சில நேரம் சுழி என்றே வருகிறது. ஏன்?

இங்கே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காரணம் எக்செல்லில் இல்லை, விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸ் 8 தொடங்கி, தென்னாப்பிரிக்கா என்று பகுதியைத் தேர்ந்தெடுத்தால் ரேண்டுக்கும் சென்டுக்கும் நடுவே புள்ளி இல்லை, காற்புள்ளி. நாமோ கடையிலும் வங்கி ரசீதிலும் பார்த்துப் பழகியபடி 250.50 என்று புள்ளி வைத்து அடிக்கிறோம். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. கூட்டும்போது எழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

கண்டுபிடிப்பது எளிது. எண் என்றால் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும். எழுத்து என்றால் இடது ஓரத்தில் நிற்கும். சில வரிகள் மட்டும் சரியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. விசைப்பலகையின் வலது பக்கம் உள்ள எண்பலகையில் புள்ளியை அழுத்தினால், எக்செல் தானே அதைக் காற்புள்ளியாக மாற்றிக்கொள்ளும். எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள புள்ளி விசையை அழுத்தினால் மாற்றாது.

சரி செய்ய, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் சிறு பெட்டியில் ஐஎன்டிஎல்.சிபிஎல் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். அடிஷனல் செட்டிங்ஸ் என்பதற்குள் போய், டெசிமல் சிம்பல் என்ற இடத்தில் புள்ளியைப் போடுங்கள். கரன்சி என்ற பக்கத்திலும் அதையே செய்யுங்கள். அங்கேயே லிஸ்ட் செப்பரேட்டர் என்று ஒன்று இருக்கும், அதைக் காற்புள்ளியாக மாற்றுங்கள். பிறகு எக்செல்லை மூடித் திறக்க வேண்டும்.

ஏற்கெனவே எழுத்தாக உட்கார்ந்துவிட்ட தொகைகள் தாமாக எண்ணாக மாறிவிடாது. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்பதை அழுத்தி, எதையும் மாற்றாமல் ஃபினிஷ் கொடுங்கள். எல்லாம் வலது ஓரத்துக்கு நகர்ந்துவிடும்.

சட்டப்படி இந்த நாட்டின் வழக்கு காற்புள்ளி என்பது உண்மை. ஆனாலும் வங்கியும் கடையும் புள்ளி வைக்கும்போது, புள்ளியே நல்லது என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் கமிட்டியில் கணக்குப் பார்க்கும் எல்லாருடைய கணினியிலும் ஒன்றாக இருக்கட்டும். உண்மையான எண்ணாகப் பதிவானது எந்தக் கணினிக்குப் போனாலும் கெடாது, தோற்றம்தான் மாறும். எழுத்தாகப் பதிவானதுதான் கணக்கைக் கெடுக்கும்.

இன்னொன்று, தொகைக்கு முன்னால் ஆர் என்ற எழுத்தைக் கையால் அடிக்காதீர்கள். எண்ணை மட்டும் அடித்துவிட்டு, ஃபார்மட் செல்ஸ் மூலம் ரேண்ட் குறியை வரவழையுங்கள்.

இணையத்தில் பார்த்த சூத்திரத்தை அப்படியே அடித்தாலும் பிழை காட்டுகிறதே?

இதற்கும் அதே காரணம்தான். தசமத்துக்குக் காற்புள்ளி என்று இருக்கும் கணினியில், சூத்திரத்தின் பகுதிகளைப் பிரிக்க அரைப்புள்ளி போட வேண்டும். மேலே சொன்ன மாற்றத்தைச் செய்துவிட்டால், அமெரிக்கப் பாடங்களில் வருவதுபோலவே காற்புள்ளி போட்டு அடிக்கலாம். ஒருமுறை சேமித்த சூத்திரம் வேறு கணினியில் திறந்தால், அந்தக் கணினிக்கு ஏற்றபடி தானே மாறிக் காட்டும்.

வங்கியிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை (தகவல்களைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த எழுத்துக் கோப்பு) திறந்தால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் குவிந்துவிடுகிறது.

அந்தக் கோப்பைச் சொடுக்கித் திறக்காதீர்கள். வெற்று எக்செல் ஒன்றைத் திறந்து, டேட்டா பட்டியில் ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி என்பதன் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். டெலிமிட்டர் என்ற இடத்தில் காமா என்று வையுங்கள். தொகைகள் தப்பாக வந்தால் டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா என்பதை அழுத்துங்கள். வலப்பக்கம் செய்த வேலைகளின் பட்டியல் இருக்கும், அதில் சேஞ்ச்டு டைப் என்று எக்செல் தானாகச் சேர்த்ததை நீக்குங்கள். பிறகு தொகை நெடுவரிசையின் தலைப்பில் வலது சொடுக்கு, சேஞ்ச் டைப், யூஸிங் லோகேல். அங்கே டெசிமல் நம்பர், இங்கிலிஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று தேர்ந்தெடுங்கள்.

இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள். தணிக்கையாளர் கேட்கும் அன்று அதுதான் வேண்டும்.

அடையாள எண்ணும் கைப்பேசி எண்ணும் அடித்தால் முன்னால் உள்ள சுழி காணாமல் போகிறது.

எக்செல்லுக்கு முன்னால் வரும் சுழிக்கு மதிப்பில்லை. ஆனால் நமக்கு 031-உம் 082-உம் சுழியில் தொடங்குகின்றன. அடையாள எண்ணில் 13 இலக்கங்கள், முதல் ஆறும் பிறந்த வருடம், மாதம், நாள். ஆகவே 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண் சுழியில்தான் தொடங்கும். இளைஞர் அணிப் பட்டியல் தயாரிக்கும்போது பாதிப் பேருக்கு 12 இலக்கமோ அதற்கும் குறைவாகவோ வந்தால் குழம்ப வேண்டாம், இதுதான் காரணம். மூத்தவர்களின் எண்ணோ 13 இலக்கமும் இருந்தும், திரையில் நடுவில் கூட்டல் குறியோடு சுருங்கித் தெரியும்.

அடிப்பதற்கு முன்பே நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்ட் என்று வடிவத்தை மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன சுழி திரும்பாது. +27 என்று தொடங்கினால் கூட்டல் குறியும் போய்விடும், அதற்கும் இதே வழிதான்.

ஒன்று கேட்கிறேன்: எல்லாருடைய அடையாள எண்ணும் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா? கீழே அந்தரங்கம் பற்றிய கேள்வியையும் பாருங்கள்.

கொள்ளுத்தாத்தா வந்த கப்பலின் விவரங்களை எக்செல்லில் தொகுக்கிறேன். 1860-களின் தேதிகளை அது ஏற்க மறுக்கிறது.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது. குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் பெருகட்டும்.

எக்செல்லுக்கு உலகம் தொடங்குவதே 1900 ஜனவரி 1-ஆம் தேதி. மதராஸிலிருந்து 342 பேரோடு புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16. அந்தத் தேதியை நீங்கள் அடித்தால் எக்செல்லுக்கு அது தேதியே அல்ல, வெறும் எழுத்து. இரண்டு தேதிகளைக் கழித்து வயது பார்க்க முயன்றால் பிழைதான் வரும். ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் இங்கே வந்தது 1911 வரை. ஆகவே ஒரே பட்டியலில் பழைய தேதிகள் எழுத்தாகவும் பிந்தையவை தேதியாகவும் கலந்து நிற்கும், வரிசைப்படுத்தினால் தாறுமாறாகும்.

1900-ஐப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அந்த வருடம் லீப் வருடம் அல்ல. ஆனால் எக்செல் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இருந்ததாக நம்புகிறது. அதற்கு முன்பு புழக்கத்தில் இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக, அதிலிருந்த பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அதனால் 1900 ஜனவரி, பிப்ரவரி நாட்களுக்கு எக்செல் சொல்லும் கிழமை ஒரு நாள் தள்ளி வரும். அந்த மாதங்களில் இறங்கியவர்களின் கிழமையை எக்செல்லிடம் கேட்காதீர்கள்.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் எக்செல் போல இருக்கும் கால்க் 1900-க்கு முந்தைய தேதிகளை ஒழுங்காகக் கையாளும். ஆனால் உறவினர் யாராவது அதே கோப்பை எக்செல்லில் திறந்தால் மறுபடியும் சிக்கல். அதனால் நான் பரிந்துரைப்பது வருடம், மாதம், நாள் என்று மூன்று நெடுவரிசைகள். எந்த மென்பொருளிலும் வரிசைப்படும், கழிக்கவும் முடியும். ஒரே கட்டத்தில்தான் வேண்டும் என்றால், நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு 1860-11-16 என்று வருடத்தை முன்னால் வைத்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதுங்கள். வருடத்தை எப்போதும் நான்கு இலக்கமாக எழுதுங்கள். 62 என்று மட்டும் அடித்தால் கணினி 1962 என்று எடுத்துக்கொள்ளும்.

கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் காலனி எண் என்று ஒன்று உண்டு. அதற்கு ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பெயரை நம்ப முடியாது. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது ஒன்று, குடும்பம் பிறகு எழுதிக்கொண்டது வேறொன்று. பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒரு நெடுவரிசையில் மாற்றாமல் அப்படியே வையுங்கள். குடும்பம் இன்று எழுதும் விதத்தை அடுத்த நெடுவரிசையில் போடுங்கள். ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியவற்றுக்கும் இதுவே முறை. திருத்திவிட்டுப் பழையதை அழித்தால், உங்கள் பேத்தி மூலப் பட்டியலில் தேடும்போது அவளுக்கு ஆள் அகப்பட மாட்டார்.

அங்கத்தினர் பட்டியலில் ஒரே பெயர் பலருக்கு. சந்தா கட்டியவர்களை எப்படிப் பொருத்துவது?

கவெண்டர், பிள்ளை, மூட்லி, செட்டி, படையாச்சி என்று ஒவ்வொரு பெயரிலும் பலர் இருப்பார்கள். ஒரே குடும்பத்திலேயே அண்ணன் ஒரு மாதிரியும் தம்பி வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். பெயரை வைத்துப் பொருத்தினால் ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் கணக்கில் ஏறும். ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கத்தினர் எண் கொடுங்கள். இறந்தவரின் எண்ணைப் புதியவருக்குக் கொடுக்காதீர்கள். வங்கியில் பணம் கட்டும்போது அந்த எண்ணையே குறிப்பாக எழுதச் சொல்லுங்கள்.

பிறகு விலுக்கப் சூத்திரத்தால் எண்ணை வைத்துப் பெயரையும் தொகையையும் இழுக்கலாம். கடைசிப் பகுதியில் ஃபால்ஸ் என்று போட மறக்கக் கூடாது. விட்டுவிட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதைக் கொண்டுவந்து நிறுத்தும், நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள். எக்செல் 2021 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் எக்ஸ்லுக்கப் இன்னும் எளிது. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் பொருந்தவில்லை என்றால், பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கும். ட்ரிம் சூத்திரம் அதை நீக்கும்.

கணினியில் தமிழில் அடிக்கத் தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் டைம் அண்டு லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்டு ரீஜியன், ஆட் லாங்குவேஜ் என்று போய்த் தமிழைச் சேருங்கள். விண்டோஸ் முழுவதையும் தமிழில் காட்டட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும், விருப்பமில்லை என்றால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். சேர்த்த பிறகு தமிழுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, எந்த விசைப்பலகை என்று தேர்ந்தெடுக்கலாம். தமிழ் 99, அஞ்சல், ஒலிப்பு முறை எல்லாம் உண்டு. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் விசையோடு இடைவெளிப் பட்டை.

எது நல்லது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. எப்போதாவது ஒரு வாழ்த்துச் செய்தி அடிப்பவருக்கு அஞ்சல் போதும், ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் வரும். ஆனால் பிள்ளைகளுக்குத் தமிழ் 99-தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இங்கே பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஆங்கிலம். ஒலிப்பு முறையில் அடிக்கும் பிள்ளை ஆங்கில எழுத்தைத்தான் யோசிக்கிறது. தமிழ் 99-இல் பிள்ளை தமிழ் எழுத்தைப் பார்க்கிறது, தேடுகிறது, அழுத்துகிறது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில். ககரத்தை இரண்டு முறை அழுத்தினால் முதலாவதில் தானே புள்ளி விழும். ல, ள, ழ மூன்றும் மூன்று தனி விசைகள் என்பதால் எது எங்கே வரும் என்பதும் விரலோடு மனதில் பதிகிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை இது. ஐஃபோனிலும் இருக்கிறது. ஒருமுறை கற்றால் எந்தக் கருவியிலும் உதவும். விசைகளில் ஒட்டத் தமிழ் எழுத்துகளைச் சிறு தாளில் அச்சிட்டு ஒட்டினால் போதும்.

தட்டச்சே வராத தாத்தா பாட்டிகளுக்கு, கூகுள் டாக்ஸில் வாய்ஸ் டைப்பிங் தமிழிலும் உண்டு. குரோம் உலாவியில் திறந்து, டூல்ஸ் மெனுவில் அதை எடுத்துத் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசச் சொல்லுங்கள். பாட்டி சொல்லும் கதையைப் பதிவு செய்ய இதைவிட எளிய வழி இல்லை.

பழைய தேவாரப் புத்தகத்தின் வேர்டு கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வருகின்றன.

கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தது அது. உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டியது. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலம் வெளியே தெரிகிறது.

எழுத்துருவின் பெயரை அறிய, ஒரு சொல்லின் மேல் சொடுக்கி, ஹோம் பட்டியில் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். பெயர் தெரிந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் யூனிகோடாக மாற்றலாம். கோப்பில் ஆங்கிலப் பகுதிகளும் கலந்திருந்தால் அவற்றை நீக்கிவிட்டுத் தமிழை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலமும் தமிழ்போலக் குழம்பும். மாற்றிய பின் ஒருவர் உட்கார்ந்து வாசித்தே ஆக வேண்டும், முக்கியமாகக் கொம்பும் துணைக்காலும் சேரும் எழுத்துகளை. மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த எழுத்துருவின் பெயர் தெரிந்தவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பழைய பஜனைப் பாடல்கள், நூற்றாண்டு மலர்கள், நாடக வசனங்கள் எல்லாம் இப்படித்தான் பல வீட்டு அலமாரிகளில் குறுந்தகடுகளில் கிடக்கின்றன.

கோப்பே இல்லாமல் அச்சுப் பிரதி மட்டும் இருந்தால், தெளிவாகப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கு செய்து கூகுள் டாக்ஸில் திறவுங்கள். படத்துக்குக் கீழே எழுத்தாக மாற்றித் தரும். நல்ல அச்சு என்றால் பெரும்பகுதி சரியாக வரும். கையெழுத்துக்கு இதை நம்பாதீர்கள்.

அச்சகத்துக்கு அனுப்பிய அழைப்பிதழில் தமிழ் வேறு மாதிரி வந்துவிட்டது.

வேர்டு கோப்பாக அனுப்பாதீர்கள், பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். ஃபைல், சேவ் ஆஸ், பிடிஎஃப். எழுத்துருவும் சேர்ந்தே போகும். அச்சகத்தார் திருத்த வேண்டியிருந்தால் மட்டும் வேர்டு கோப்பும் கொடுங்கள். அப்போது ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்பதில் எம்பெட் ஃபான்ட்ஸ் என்ற குறியைப் போட்டுச் சேமியுங்கள்.

லதா, விஜயா எழுத்துருக்கள் உங்கள் கணினியில் இல்லை என்றால், விண்டோஸ் 10 முதல் அவை ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்று தனியாக இருக்கின்றன. நிர்மலா மட்டும் எல்லா விண்டோஸ் 10, 11 கணினியிலும் இருக்கும். வேர்டில் தமிழின் அளவு மட்டும் மாறாமல் அடம்பிடித்தால், கண்ட்ரோலோடு டி அழுத்தி வரும் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்ஸ் என்ற தனிப் பகுதியில் மாற்றுங்கள்.

பாதி வேலையில் மின்சாரம் போய்விட்டால்?

லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு 2023-இல் இருந்த நிலையில் இப்போது இல்லை. ஆனாலும் கேபிள் திருட்டும் துணைமின்நிலையக் கோளாறும் நம்மை விட்டபாடில்லை. வேர்டும் எக்செல்லும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்பதில் அதை இரண்டு நிமிடம் ஆக்குங்கள். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் சேவ் என்பதற்குள் இதே வசதி உண்டு. ஆட்டோசேவ் என்று மேலே தெரிகிறதே, அது கோப்பு மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் இருந்தால்தான் வேலை செய்யும்.

மின்சாரம் வந்த பிறகு, பெயரே வைக்காத கோப்பு போய்விட்டது என்றால் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட், ரெகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். இருந்தாலும், புதுக் கோப்பில் முதல் வரி அடித்ததும் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திப் பெயர் வைத்துவிடுவதே நல்ல பழக்கம்.

மின்சாரம் போகும்போது கெடுவதைவிடத் திரும்பி வரும்போது ஏற்படும் மின்னழுத்த ஏற்றத்தால் கெடுவது அதிகம். மின்சாரம் போனதும் மேசைக் கணினியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும். காப்புப் பிரதி வைத்திருக்கும் வெளி வட்டை எப்போதும் செருகியே வைத்திருக்காதீர்கள். ஒரே அடியில் இரண்டும் போய்விடும்.

கைப்பேசி டேட்டாவில் கணினியை இணைத்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது.

விண்டோஸ் பின்னால் புதுப்பிப்புகளை இறக்குகிறது. அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் மீட்டர்டு கனெக்ஷன் என்பதை இயக்குங்கள். பெரும்பாலான புதுப்பிப்புகளும் ஒன்டிரைவும் காத்திருக்கும். வீட்டு ஃபைபரில் இணையும்போது இறக்கிக்கொள்ளட்டும்.

காவடி அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து மங்கலாகிவிடுகிறது.

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

கோவில் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான். பதிவு செய்துகொண்ட தனிப்பட்ட கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கொடுத்தார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது.

பணம் இல்லாத சங்கம் என்றால், பழைய கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட்டும் லிப்ரே ஆபீஸும் போட்டுப் பாருங்கள். இரண்டும் இலவசம், தமிழும் நன்றாக வரும். தமிழ்ப் பள்ளியில் தட்டச்சு கற்றுக்கொடுக்க அது தாராளமாகப் போதும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி மட்டும் கட்டாயம் புதுப்பிப்பு வாங்கும் கணினியாக இருக்க வேண்டும்.

தினமும் உதவும் குறுக்கு விசைகள் எவை?

எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். விண்டோஸோடு வி அழுத்தினால், நீங்கள் அண்மையில் நகலெடுத்தவை பட்டியலாக வரும். முதல் முறை இயக்கட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். கடிதம் எழுதுகிறவருக்கு இதைவிடப் பயன்படுவது வேறில்லை. விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றும் திரையில் வேண்டிய பகுதியைப் படமெடுக்கும். எக்செல்லில் கண்ட்ரோலோடு அரைப்புள்ளி இன்றைய தேதியைப் போடும். ஆல்ட்டோடு சமக்குறி கூட்டித் தரும். வேர்டு கோப்பைத் திறந்ததும் ஷிஃப்ட்டோடு எஃப்5 அழுத்தினால் கடைசியாகத் திருத்திய இடத்துக்குப் போகும். எழுந்து போகும்போது விண்டோஸோடு எல். திரை பூட்டிக்கொள்ளும்.

அங்கத்தினர் விவரங்களைப் பாதுகாப்பது பற்றிச் சட்டம் ஏதாவது உண்டா?

உண்டு. போபியா என்று சொல்கிறோமே, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2021 ஜூலை 1 முதல் எல்லாரும் கடைப்பிடித்தே ஆக வேண்டும். கோவிலும் பள்ளியும் விலக்கல்ல. பிள்ளைகளின் விவரங்களுக்குக் கூடுதல் கவனம் கேட்கிறது. தேவையானதை மட்டும் வாங்குங்கள், தேவை முடிந்ததும் நீக்குங்கள். எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பும்போது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பிசிசி என்ற இடத்தில் போடுங்கள். பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எக்செல் கோப்பில் ஃபைல், இன்ஃபோ, ப்ரொடெக்ட் வொர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு. அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது. ஆகவே இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரித்துறை பணம் திருப்பித் தருவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. இணைப்பை அழுத்தலாமா?

அழுத்தாதீர்கள். வரித்துறைத் தளத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையென்றால் அங்கே இருக்கும். கணினியில் வைரஸ் என்று யாராவது ஃபோன் செய்தாலும் வைத்துவிடுங்கள். உங்கள் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க விடும் எனி டெஸ்க் போன்றதை இறக்கச் சொல்லி, கண் முன்னாலேயே வங்கிக் கணக்கைக் காலி செய்வார்கள். வயதான பொருளாளர்களுக்கு இதை நேரில் உட்கார்ந்து விளக்குங்கள்.

ஆண்டுக் கூட்டத்தோடு செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். எதை எப்படி ஒப்படைப்பது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில், சங்கத்தின் மின்னஞ்சல் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சங்கத்துக்கென்று ஒரு கணக்குத் தொடங்கி, கோப்புகளை அங்கே மாற்றுங்கள். அந்தக் கணக்கின் மீட்பு எண் உங்கள் கைப்பேசியாக இருந்தால், புதியவர் உள்ளே நுழையும்போதெல்லாம் குறியீடு உங்களுக்குத்தான் வரும். அதையும் மாற்றுங்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இதே விதி.

கோப்புகளின் பெயரில் தேதியை 2025-03-14 என்று முன்னால் வையுங்கள், தானே வரிசையாக நிற்கும். கடைசி, புதியது, உண்மையான கடைசி என்று பெயர் வைத்தவற்றைத் திறந்து பார்த்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறைவேற்றிய தீர்மானங்களையும் கையெழுத்தான கணக்குகளையும் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். வேர்டு கோப்பை யாரும் தெரியாமல் திருத்திவிடலாம்.

மொத்தத்தையும் ஒரு வெளி வட்டிலும், இணையத்தில் சங்கக் கணக்கிலும் வையுங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கணக்கு யார் பெயரில் என்பதை ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தலைவரிடம் கொடுங்கள். கடவுச்சொற்களை அந்தத் தாளில் எழுதாமல், உறையிலிட்டுப் பொருளாளரிடம் தனியாகக் கொடுங்கள். பிறகு புதியவரைத் தன் கணினியிலேயே எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே. திறக்காத கோப்பு இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.